சாரதியும் அனுமதிப்பத்திரமும்

வாகனம் செலுத்துபவரைச் ‘சாரதி’ என்று அழைப்பது இலங்கைத் தமிழரின் வழக்கு. தமிழ்நாட்டார் ‘ஓட்டுநர்’ என்பர். சங்கச் சான்றோர் ‘பாகன்’ என்றனர். சாரதி என்பது இரதத்தைச் செலுத்துபவனைக் குறிக்கும் வடசொல்லாகும். பாரதப் போரில் அருச்சுனனுக்குக் கண்ணன் சாரதியாய் அமைந்ததையும், கன்னனுக்குச் சல்லியன் சாரதியாய் வாய்த்ததையும் நேயர்கள் அறிவீர்கள். வில்லாண்மையில் ஒருவருக்கொருவர் இளையாத அவ்விரு வீரருள் ஒருவனுடைய தேர் வெற்றியை நோக்கிச் சென்றது. மற்றவனுடைய தேர்க்கால் நிலத்திற் புதைந்தது. தேரிலே வீற்றிருப்பவனின் உயிர், தேரைச் செலுத்துபவனின் கையில் இருக்கின்றது என்பதே அக்கதை தரும் பாடம். இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கும் அதுவே அடிப்படை.

ஒரு சாரதியின் அனுமதிப்பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதிலே ஏ, பீ, சீ, டீ என்றவாறு சில ஆங்கில எழுத்துகளைக் காணலாம். இவை அலுவலக வசதிக்காக இடப்பட்ட அடையாளங்கள் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். இவற்றுக்கெனத் தனியே ஒரு வரலாறு உண்டு. தன் குடும்பத்தைத் தன் காரில் ஏற்றிச் செல்பவனுக்கும், முன்பின் அறியாத 50 பேரைக் கட்டணம் பெற்று ஏற்றிச் செல்பவனுக்கும் ஒரே தகுதி போதுமா? ஊருக்குள் ஓடும் சிறு வண்டியைச் செலுத்தத் தெரிந்தவன், பல ஆயிரம் கிலோகிராம் பாரம் ஏற்றிய லொறியையும் செலுத்தலாமா? இந்த இரு வினாக்களுக்கும் உலகம் படிப்படியாகக் கண்ட விடைகளே இவ்வெழுத்துகள்.

பிறரைக் கூலிக்கு ஏற்றிச் செல்பவனுக்கு அனுமதி வேண்டும் என்னும் எண்ணம் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. இலண்டன் மாநகரில் வாடகைக் குதிரை வண்டிகள் பெருகியபோது அவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகள் 17 ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. 1843 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வாடகை வண்டிச் சாரதி அனுமதி பெற்று, இலக்கமிட்ட வில்லையை அணிதல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. அக்காலத்திலே தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டிய செல்வனிடம் எவரும் பத்திரம் கேட்டாரில்லை. கூலிக்கு வண்டி ஓட்டியவனிடமே கேட்டனர். ஏறுகின்றவன் சாரதியின் குணத்தையோ திறமையையோ அறியான். அவனுக்காக அரசாங்கம் முன்கூட்டியே விசாரித்து, ‘இவன் தகுதியுடையவன்’ என்று சான்று கூறுதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்த வில்லையின் வழித்தோன்றலே இன்றைய பஸ் சாரதியின் அனுமதிப்பத்திரம் எனலாம்.

மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் நிலைமை மாறியது. ஜேர்மனியிலே மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ் அவர்கள், தமது வண்டியைத் தெருவில் ஓட்டுவதற்கு 1888 ஆம் ஆண்டில் பாடன் அரசின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றார். பிரித்தானியாவில் 1903 ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம் இயற்றப்பட்டு, 1904 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 5 ஷில்லிங் செலுத்தியவர்க்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. பரீட்சை எதுவும் இல்லை. பத்திரம் அக்காலத்தில் ஆளை அடையாளம் காண்பதற்கு உதவியதேயன்றி, அவருடைய திறமையை அளப்பதற்கு உதவவில்லை.

வாகனங்கள் பெருக, விபத்துகளும் பெருகின. 1930 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வீதிப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதோடு, பொதுப் பிரயாண வாகனங்களின் சாரதிகள் தனி அனுமதி பெறுதல் வேண்டும் எனவும் விதித்தது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் பாரமான சரக்கு வாகனங்களின் சாரதிகளுக்கும் தனி அனுமதியை ஏற்படுத்தியது. சாதாரண காரை ஓட்டுவதற்குப் பரீட்சை கட்டாயமானது 1935 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயாகும். இக்கால ஒழுங்கை நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று. பொதுமக்களை ஏற்றும் சாரதியைத் தனியே நிறுத்தி நோக்கிய பின்னரே, தனிமனிதனின் காரைப் பற்றிச் சட்டம் அவ்வளவு கண்டிப்பாகச் சிந்தித்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1927 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மோட்டார் கார்க் கட்டளைச் சட்டத்தின் விளைவாக, 1928 ஆம் ஆண்டில் இன்றைய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வித்திடப்பட்டது. பின்னர் 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நாடு சுதந்திரமடைந்த பின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் வந்தன. பல திருத்தங்களைப் பெற்று இன்றும் நம்மை ஆள்வது 1951 ஆம் ஆண்டுச் சட்டமே.

பஸ் சேவையின் கதை தனியே கூறத்தக்கது. முற்காலத்தில் ஒரே வீதியில் பல சொந்தக்காரர்களின் பஸ்கள் ஓடின. யார் முந்திச் சென்று பிரயாணிகளை ஏற்றுவது என்பதே போட்டி. வருவாய் ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்ததாயின், சாரதி எவ்வளவு திறமையுடையவனாயினும் நிதானம் இழப்பது இயல்பே. இப்போட்டியை அடக்குவதற்காகவே 1942 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கப் பஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அது ஒரு வழியில் ஒருவருக்கே சேவை நடத்தும் உரிமை என்னும் கொள்கையைத் தழுவியது. பின்பு 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவை முழுவதும் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அன்றுமுதல் பஸ் சாரதி ஒரு முதலாளியின் வேலையாள் என்னும் நிலைமாறி, பொதுச் சேவையாளர் ஆனார். 1970 களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இன்று இரு வகையினரும் ஒரே வீதியில் ஓடுகின்றனர். பழைய போட்டியும் சிற்சில இடங்களில் தலைகாட்டாமல் இல்லை.

யாழ்ப்பாணத்தவர் இவ்வரலாற்றிலே தமக்கென ஓர் அத்தியாயத்தை எழுதியுள்ளனர். அதுவே தட்டிவான். பலகையாற் கட்டிய உடலும், திறந்த பக்கங்களும், பின்புறத்தில் விரித்துவிடக்கூடிய தட்டியும் உடைய அவ்வண்டியை நம் முதியோர் மறக்கமாட்டார்கள். உள்ளே ஆட்கள், தட்டியிலே வாழைக்குலை, புகையிலை, பனாட்டுக் கூடை, கோழி. கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கங்களில் சந்தை நாள்களில் அது ஆற்றிய தொண்டு பெரிது. அது பிரயாணிகள் வண்டியா, சரக்கு வண்டியா என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. மக்களின் தேவை வண்டியை உருவாக்கிவிடும். அவ்வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று சட்டம் பின்னால் வந்தே சிந்திக்கும். இன்றைய சட்டத்திலே ‘இரட்டைப் பயன் வாகனம்’ என ஒரு வகை காணப்படுவதை நோக்கும்போது, தட்டிவானின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

தீவகத்து மக்களாகிய நமக்குக் கரையிற் செல்லும் வண்டியைவிடக் கடலிற் செல்லும் வள்ளமே பழைய வாகனம். ஊர்காவற்றுறை துறைமுகமாய்ச் சிறந்திருந்த காலத்தில் பாய்க்கப்பலைச் செலுத்தியவரைத் தண்டையல் என்று அழைத்தனர். காற்றையும் நீரோட்டத்தையும் பல்லாண்டு கற்றவரே அப்பெயருக்கு உரியவராயினர். கரையோரத்தில் சிறு தோணி வலித்தவன் ஒருநாளில் தண்டையல் ஆகிவிடவில்லை. சிறிதில் தேறியவனே பெரிதைத் தொடலாம் என்பது கடல் வகுத்த சட்டம். 20 ஆம் நூற்றாண்டிலே பண்ணைத் தாம்போதி அமைக்கப்பட்டு, யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகத் தரைவழி திறந்தது. வாணர் பாலம் புங்குடுதீவையும் அவ்வழியோடு இணைத்தது. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் 776 ஆம் இலக்க பஸ் இத்தடத்திலேயே ஓடுகின்றது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்வோர் குறிகட்டுவானில் இறங்கி இன்றும் படகேறுகின்றனர். தண்டையலிடம் இருந்த பொறுப்பின் பெரும்பகுதி தாம்போதியால் சாரதியிடம் வந்து சேர்ந்துவிட்டது. இருமருங்கும் கடல் விரிந்த நேர்வீதியில் பக்கவாட்டுக் காற்று வீசும்போது, பஸ்ஸின் உள்ளே இருப்பவர்களின் உயிர் அவர் ஒருவரின் கையிலேயே உள்ளது.

அனுமதிப்பத்திரத்தின் எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பதை இனி நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஒரு நாட்டுச் சாரதி மற்றொரு நாட்டில் வாகனம் செலுத்த வேண்டிய தேவை மிகுந்தது. நாட்டுக்கு நாடு பத்திரங்கள் வேறுபட்டிருந்தமையால் குழப்பம் உண்டாயிற்று. ஆகவே 1949 ஆம் ஆண்டு ஜெனீவாவில் செய்யப்பட்ட வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, சர்வதேசப் பத்திரத்துக்காக வாகனங்களை ஐந்து பிரிவுகளாக வகுத்தது. மோட்டார் சைக்கிள் ஏ. சாரதியைத் தவிர 8 பேருக்கு மேற்படாத இருக்கைகளுடைய காரும் 3500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வாகனமும் பீ. அதற்கு மேற்பட்ட சரக்கு வாகனம் சீ. 8 பேருக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றுவது டீ. பின்னே இணைக்கப்பட்ட பாரமான பெட்டியுடன் செல்வது ஈ. 1968 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் இதே அடிப்படையைத் தழுவிச் சென்றது.

இலங்கையிலே 2009 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர் நடைமுறைக்கு வந்த வகைகளில் அந்த ஐந்தெழுத்தின் சாயல் தெளிவாகத் தெரியும். 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத இயந்திரமுடைய மோட்டார் சைக்கிளுக்கு ஏ1; அதற்கு மேற்பட்டதற்கு ஏ. முச்சக்கர வண்டி முதலிய மிகச் சிறு வாகனங்களுக்கு பீ1. மொத்த நிறை 3500 கிலோகிராமுக்கு மேற்படாததும், சாரதி உட்பட 9 இருக்கைகளுக்கு மேற்படாததுமான கார், வான் முதலியவற்றுக்கு பீ. ஜெனீவாவில் சாரதி நீங்கலாக எட்டு என்று எண்ணினர். நாம் சாரதியையும் சேர்த்து ஒன்பது என்கிறோம். கணக்கு ஒன்றே.

தொழில்முறைச் சாரதிக்குப் பெரிதும் வேண்டப்படுவன இதன் பின்னர் வருகின்றன. மொத்த நிறை 3500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17,000 கிலோகிராமுக்கு உட்பட்ட லொறிக்கு சீ1. அதற்கும் மேற்பட்ட பார லொறிக்கு சீ. அத்தகைய லொறி பின்னே பெட்டியையும் இழுத்துச் செல்லுமாயின் சீ.ஈ. பிரயாணிகள் வாகனத்திலே சாரதி உட்பட 33 இருக்கை வரையுள்ளதற்கு டீ1. அதனிற் பெரிய பஸ்ஸுக்கு டீ. இணைப்புடன் செல்வதற்கு டீ.ஈ. இவற்றைவிட, நாம் ‘லான்ட்மாஸ்டர்’ என்று வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ1. நான்கு சில்லு உழவு இயந்திரம் முதலிய நிலப்பணி வாகனங்களுக்கு ஜீ. விசேட வேலைகளுக்கான வாகனங்களுக்கு ஜே. மருத்துவச் சான்று, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை ஆகிய மூன்று படிகளையும் ஏறியே இவ்வனுமதியைப் பெறுதல் வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இலகு வாகன அனுமதி பெற்று அநுபவம் அடைந்த பின்னரே கனரக வாகனத்துக்கு விண்ணப்பித்தல் முறை. தோணியிலிருந்து கப்பலுக்கு ஏறிய பழைய ஒழுங்கே இங்கும் நிற்கின்றது. இலகு வகைக்குப் பத்திரம் 8 ஆண்டுக்கு வழங்கப்பட, கனரக வகைக்கு 4 ஆண்டுக்கே வழங்கப்படுவதும் காரணம் பற்றியதே. பார வண்டியைச் செலுத்துபவரின் கண்ணும் உடலும் இன்னும் தகுதியுடன் உள்ளனவா என்பதை இடையிடையே சோதித்தல் அவசியம்.

‘கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு லொறி ஓட்டத் தெரியாதா? எல்லாவற்றுக்கும் சில்லும் பிறேக்கும்தானே’ என்று கேட்பவர்கள் உளர். இதற்கு விடை பௌதிகவியல் தருகின்றது. ஓடுகின்ற பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறைக்கு ஏற்பப் பெருகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் பெருகும். 1000 கிலோகிராம் நிறையுள்ள காரும் 17,000 கிலோகிராம் நிறையுள்ள லொறியும் ஒரே வேகத்தில் வருமாயின், லொறியை நிறுத்துதற்கு அதன் பிறேக் 17 மடங்கு ஆற்றலை விழுங்குதல் வேண்டும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். மேலும் பார வாகனங்களிற் பல காற்றழுத்தத்தால் இயங்கும் பிறேக்கை உடையன. காற்று உரிய அழுத்தத்தை அடைந்துள்ளதா என்று பார்த்த பின்னரே புறப்படல் வேண்டும். இறக்கத்தில் ஓயாது மிதித்துக்கொண்டே சென்றால் பிறேக் சூடேறித் தன் வலியை இழக்கும். நீண்ட வாகனம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்திற் செல்லாமல் உட்புறமாக வெட்டிச் செல்லும். அவ்வுட்புறத்தில் சைக்கிளில் நிற்கும் மாணவனை அறியாத சாரதி காணமாட்டான். பின்னே பெட்டி இணைக்கப்பட்டிருப்பின், திடீரெனப் பிறேக் பிடிக்கும்போது அது பக்கவாட்டில் மடங்கிவரும் அபாயமும் உண்டு. இவை யாவும் காரிலே கற்க முடியாத பாடங்கள்.

தீவகத்துக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று கூறுவேன். கோடைகாலத்தில் நன்னீர் அற்ற ஊர்களுக்குத் தாங்கி வண்டிகளில் குடிநீர் கொண்டு செல்லப்படுகின்றது. தாங்கி நிறைந்திருக்கும்போது நீர் அசைவது குறைவு. பாதி இறக்கிய பின்னர் எஞ்சிய நீர், வண்டி நிற்க முயலும்போது முன்னோக்கிப் பாய்ந்து மோதும். வளைவிலே பக்கத்துக்குச் சரியும். பாரம் குறைந்தமையால் ஆபத்தும் குறைந்தது என்று நினைப்பவன் ஏமாறுவான். அமெரிக்காவிலே இக்காரணம் பற்றியே திரவத் தாங்கி வண்டிக்குத் தனிப் பரீட்சை வைத்து, பத்திரத்தில் தனி எழுத்தைச் சேர்க்கின்றனர்.

லொறிக்கும் பஸ்ஸுக்கும் நிறை ஏறத்தாழ ஒன்றாயிருக்க, இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து எதற்கு என்றும் கேட்கலாம். லொறியின் பாரத்தைக் கயிற்றாற் கட்டிவிடலாம். பஸ்ஸின் பாரம் எழும், நிற்கும், இறங்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரைப் புகையிரதக் கடவையிலே, மூடிய கடவையைக் கடக்க முயன்ற பஸ் மீது புகையிரதம் மோதி 35 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் கொத்மலைப் பிரதேசத்துக் கரண்டியெல்லவில், அளவுக்கு மிஞ்சிய பிரயாணிகளுடன் சென்ற பஸ் பள்ளத்திற் கவிழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய துயரங்களை எழுத்து ஒன்றினால் முற்றாகத் தடுத்துவிட முடியாது. பத்திரத்தோடு நிதானமும், பாரத்துக்கு வரம்பும், ஓய்வு பெற்ற உடலும் வேண்டும். ஆயினும் ஒரு தவறுக்கு எத்தனை உயிர் விலையாகின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன; டீ என்னும் எழுத்தைத் தனியே பிரித்து வைத்ததன் நியாயமும் அதுவே.

பொதுமக்கள் பலர் மயங்கும் மற்றொன்றையும் இங்கே தெளிவாக்குதல் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் மனிதனுக்கு உரியது. வருமான அனுமதிப்பத்திரம், வாகனத் தகுதிச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியன வாகனத்துக்கு உரியன. வழி அனுமதிப்பத்திரம் சேவைக்கு உரியது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வாகனத்தின் பத்திரங்கள் யாவும் செம்மையாக இருந்தும், ஆசனத்தில் இருப்பவருக்கு அவ்வகைக்கான எழுத்து இல்லையாயின், சட்டத்தின் முன் அவர் அனுமதியற்றவரே.

இது வெறும் தண்டப்பணம் பற்றிய விஷயமன்று. காப்புறுதி ஒப்பந்தங்களில், வாகனத்தைச் செலுத்துபவர் அவ்வகைக்கு உரிய அனுமதியை உடையவராயிருத்தல் வேண்டும் என நிபந்தனை இடுவது வழக்கம். விபத்து நேர்ந்த பின்பே இச்சிறு வாசகத்தின் பலம் தெரியவரும். இந்தியாவிலே இது பற்றி நீண்ட வழக்கு ஒன்று நிகழ்ந்தது. அங்கு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 7500 கிலோகிராமுக்கு மேற்படாத வாகனம் இலகு வாகனமாகும். ஆயினும் கூலிக்கு ஓடும் வாகனத்துக்குத் தனி அங்கீகாரம் வேண்டும் என்னும் கருத்தும் நிலவியது. அவ்வங்கீகாரம் இன்றி இலகு வாகன அனுமதியுடன் சிறு வாடகை வண்டி ஓட்டியவர்கள் விபத்தில் அகப்பட்டபோது, காப்புறுதிக் கம்பனிகள் நட்டஈடு வழங்க மறுத்தன. 2017 ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம் சாரதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மீண்டும் ஐயுறப்பட்டு, ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியலமைப்பு அமர்வின் முன் சென்றது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் தேதி அவ்வமர்வு, 7500 கிலோகிராமுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தை இலகு வாகன அனுமதியுடன் செலுத்தலாம் என்று உறுதி செய்தது. அதுவரை எத்தனை ஏழைக் குடும்பங்கள் நட்டஈட்டை எதிர்பார்த்து நீதிமன்ற வாயிலில் காத்திருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பத்திரத்திலுள்ள ஓர் எழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு. அத்தீர்ப்பு இந்தியாவுக்கே உரியது. நமது நாட்டில் நமது வகைப்பாடே செல்லும் என்பதையும் மறத்தலாகாது.

மேல்நாடுகளின் அநுபவமும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவிலே முன்னர் லொறிச் சாரதி ஒருவர் பல மாநிலங்களிற் பல பத்திரங்களை வைத்திருத்தல் இயன்றது. ஒன்றிலே குற்றம் பதியப்பட்டால் மற்றொன்றைக் காட்டித் தப்பினர். 1986 ஆம் ஆண்டுச் சட்டம், வணிக வாகனச் சாரதிக்கு ஒரே பத்திரம், ஒரே பதிவு என்னும் கொள்கையை நிலைநாட்டி, 1992 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதியிலிருந்து அதனைக் கட்டாயமாக்கியது. கனடாவிலே நம்மவர் பலர் வாழும் ஒன்ராறியோ மாகாணம், பார இணைப்பு வாகனத்துக்கான ஏ வகுப்புப் பரீட்சைக்கு முன், குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சியை 2017 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதியிலிருந்து கட்டாயமாக்கியது. அதே நாட்டின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆந் தேதி, போதிய அநுபவமற்ற சாரதி ஓட்டிய லொறி நிறுத்தற் குறியைக் கடந்து வந்தது. இளம் ஹொக்கி வீரர்களை ஏற்றிச் சென்ற பஸ் அதனோடு மோதியது. 16 பேர் மாண்டனர். மறு ஆண்டே அம்மாகாணமும் கட்டாயப் பயிற்சியை விதித்தது. பதினாறு உயிர்கள் நீங்கிய பின்னர் வந்த விதி அது. வீதிச் சட்டங்களிற் பல இவ்வாறு துயரத்தின் பின்னரே எழுதப்பட்டன என்பதை வரலாறு காட்டுகின்றது.

நமது பகுதியும் துயரத்தைக் காணாததன்று. 1990 களிலே போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதானபோது, யாழ்ப்பாணத்துச் சாரதிகளும் திருத்துநர்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்து நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அவர்களின் கைத்திறனுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் இடுக்கண் காலத்தில் வழக்கமாகிவிட்ட சில பழக்கங்கள் அமைதிக் காலத்துக்குப் பொருந்தா. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்து வீதிகள் திறந்த பின்னர், நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்துக்கும் நாகதீப விகாரைக்கும் செல்லும் யாத்திரிகரை ஏற்றிய பெரிய பஸ்கள் தென்னிலங்கையிலிருந்தும் இத்தாம்போதி வழியே வருகின்றன. மணல், சீமெந்து ஏற்றிய லொறிகளும் செல்கின்றன. அவற்றினிடையே பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளிற் செல்கின்றனர். வீதி மாறிவிட்டது, ஓட்டும் முறையும் மாறுதல் வேண்டும்.

பாடசாலைத் தலைவனாய்ப் பல்லாண்டு பணியாற்றும் எனக்கு இவ்விடயத்தில் ஒரு கவலை உண்டு. சாதாரண தரத்தோடு கல்வியை நிறுத்தும் இளைஞர் பலர் சாரதித் தொழிலை நாடுகின்றனர். அதிலே இழிவு ஏதுமில்லை. கவலை யாதெனில், ஓட்டோவுக்கு அனுமதி பெற்றவனிடம் ‘இந்த லொறியை ஒருதரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வா தம்பி’ என்று உடைமையாளர் சாவியை நீட்டுவதும், வேலை போய்விடுமோ என்று அஞ்சி அவன் அதனை வாங்குவதுமாகும். திருவிழாக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியிலே ஆட்களை ஏற்றிச் செல்வதும் இத்தகையதே. ஜீ என்னும் எழுத்து நிலத்தை உழவும் விளைபொருளை ஏற்றவும் தரப்பட்டது. விபத்து நேர்ந்தால் சாவியை நீட்டியவர் விலகிவிடுவார். மறியலும் கடனும் மனச்சுமையும் அப்பிள்ளைக்கும் அவன் தாய்க்குமே எஞ்சும்.

ஆதலால் இத்தொழிலை விரும்பும் இளைஞர், ஆண்பிள்ளையாயினும் பெண்பிள்ளையாயினும், படிப்படியாக ஏறுதல் வேண்டும். முதலில் இலகு வாகன அனுமதியைப் பெற்றுக் குற்றமின்றிச் சில ஆண்டுகள் ஓட்டுக. பின்பு லொறியா பஸ்ஸா என்று தம் இயல்பை ஆராய்ந்து, அதற்குரிய பயிற்சியை முறையாகப் பெறுக. பெற்றோர் தரகரிடம் பணங் கொடுத்துப் பத்திரம் வாங்க முனையாது, பயிற்சிக்குச் செலவிடுவார்களாக. பரீட்சை இன்றிப் பெற்ற பத்திரம் 1904 ஆம் ஆண்டுப் பத்திரத்தை ஒத்தது. அது ஆளின் பெயரைச் சொல்லுமேயன்றித் திறமையைச் சொல்லாது. உடைமையாளர்கள் சாவியைக் கொடுக்குமுன் பத்திரத்தின் பின்புறத்தை ஒருமுறை நோக்குவார்களாக. பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பும் பாடசாலைகளும், யாத்திரைக்கு வண்டி பேசும் சங்கங்களும், வாடகைத் தொகையைக் கேட்கும்போதே சாரதிக்கு எந்த எழுத்து உண்டு என்பதையும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பதிலே மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தகுதியுடைய சாரதி அதனை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்.

ஏறுகின்ற பிரயாணி சாரதியின் பெயரையும் அறியார், ஊரையும் அறியார். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, யன்னலோரத்தில் தலையைச் சாய்த்து உறங்கிவிடுகின்றார். அவ்வாறு அவர் அச்சமின்றி உறங்குவதற்கு உரிய காரணத்தைத் தேடித் தருவதற்காகவே, 1843 ஆம் ஆண்டின் இலண்டன் வில்லை முதல் இன்றைய அனுமதிப்பத்திரம் வரையுள்ள இந்நீண்ட முயற்சி நடந்துவந்துள்ளது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராய்த் தம்மை ஆக்கிக்கொள்வதே சாரதி என்னும் பழம்பெயருக்கு நம் இளைஞர் செய்யக்கூடிய சிறப்பாகும்.